காதடைப்பும் வெற்றிலை வாயும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் இ.என்.டி. மருத்துவரின் அடிப்படை அறிவு எது?

காது, மூக்கு, தொண்டை நிபுணர் ஒருவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது எது என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டுவிட்டதாகவே பலரும் எண்ணுகிறார்கள். 1952இல் பிரிட்டனில் முதல் பதிப்புக் கண்ட ஸ்காட்-பிரவுன் பெருநூலும் அமெரிக்காவின் கம்மிங்ஸ் நூலும் அந்த விடையை ஆயிரக்கணக்கான பக்கங்களில் தருகின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ, செராஸிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ, கிளந்தானிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்திலோ நான்காண்டு முதுநிலைப் பயிற்சி பெறும் மலேசிய மருத்துவரின் மேசையிலும் பெரும்பாலும் அதே நூல்கள்தாம் இருக்கின்றன. அதில் தவறில்லை. முக நரம்பு லண்டனிலும் கிள்ளானிலும் காதெலும்புக்குள் ஒரே வழியில்தான் செல்கிறது. ஆனால் நோய்கள் அப்படி ஊருக்கு ஊர் ஒரே வழியில் செல்வதில்லை. மேற்குலக நூலில் அரிய நோய் என்று சில பத்திகளில் முடிந்துபோகும் ஒன்று, கோலாலம்பூர் கிளினிக்கில் மாதந்தோறும் வந்து நிற்கலாம். எனவே இத்துறையின் அடிப்படை அறிவைத் தலைப்புகளின் பட்டியலாக மட்டும் பார்ப்பது போதாது. சில்லறைத் தொல்லையாகத் தோன்றும் எந்தப் புகாரைச் சொட்டு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்று தெரிந்து வைத்திருப்பதே அதன் உயிர்நாடி என்பது என் வாதம். அந்தத் தெளிவு, எதிரில் அமர்ந்திருப்பவர் யார், என்ன உண்டு வளர்ந்தார், எங்கே வேலை செய்தார், உடம்பில் வேறென்ன நோய் இருக்கிறது என்ற செய்திகளிலிருந்து பிறக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கைப் போல இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் உலகில் அதிகம் இல்லை.

முதலில் காதடைப்பு. ஒரு குழந்தைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது எங்கும் காணக்கூடியது. மூக்கின் பின்னாலுள்ள அடினாய்டு சதை பெரிதாகி, காதையும் தொண்டையையும் இணைக்கும் குழலை அடைப்பது அதற்கு வழக்கமான காரணம். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் அதே நீர் கோத்தால் கதை வேறு. அந்த வயதில் அடினாய்டு சுருங்கிப் போயிருக்கும். குழலின் வாயருகே ரோசன்முல்லர் பள்ளம் என்றொரு சிறு குழிவு இருக்கிறது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்கும் இடம் அதுதான். கட்டி அங்கே வளரும்போது குழல் செயலிழந்து காது அடைக்கிறது. காலையில் காறித் துப்பும் சளியில் இரத்தக் கீற்று தெரிகிறது. பிறகு கழுத்தின் மேற்பகுதியில் வலியில்லாத ஒரு கட்டி எழும்புகிறது. கட்டி மேலே மண்டையோட்டின் அடித்தளத்தை அரித்தால் முகம் மரத்துப்போகிறது, கண் இரட்டையாகக் காண்கிறது. இந்த வரிசையில் முதல் இரண்டும் யாரையும் பயமுறுத்தாதவை. சளி பிடித்த காது என்று ஒரு மருந்து, மூக்கில் சூடு என்று இன்னொரு மருந்து, மாதங்கள் போய்விடும். கழுத்துக் கட்டி வந்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. காசநோய் இன்னும் பரவலாக இருக்கும் நாட்டில், கழுத்துக் கட்டி என்றதும் காசநோய்க் கழலை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. மூக்கின் பின்புறத்தை ஸ்கோப் வழியாகப் பார்க்காமல், கழுத்துக் கட்டியை முதலில் வெட்டி எடுத்துச் சோதிப்பது இத்துறையின் மூத்த பிழைகளில் ஒன்று.

இது மலேசியாவுக்கு ஏன் அடிப்படைப் பாடம் என்பதற்குச் சான்றுகள் பல. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் மலேசிய ஆண்களைத் தாக்கும் முதல் ஐந்து புற்றுநோய்களுள் இது தொடர்ந்து இடம்பெற்று வந்திருக்கிறது. ஐரோப்பியப் பட்டியல்களில் இதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தென்சீன வம்சாவளியினரிடம் இது மிகுதி. சரவாக்கின் பிடாயு மக்களிடம் காணப்படும் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. 1964இல் கண்டறியப்பட்ட எப்ஸ்டீன்-பார் வைரஸ், மரபுவழி, உணவு மூன்றும் இதில் கைகோக்கின்றன. உணவு பற்றிய முக்கியச் சான்று இந்த மண்ணிலிருந்தே கிடைத்தது. 1983இல் ஆம்ஸ்ட்ராங் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மலேசியச் சீனர்களில் நோயாளிகள் 100 பேரையும் நோயற்றவர்கள் 100 பேரையும் ஒப்பிட்டபோது, சிறுவயதில் உப்புக் கருவாடு உண்டவர்களுக்கு அபாயம் 3 மடங்காகவும், நாள்தோறும் உண்டவர்களுக்கு 17 மடங்காகவும் இருந்தது. எண்ணிக்கை சிறியது என்பதால் அந்தப் பதினேழை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திசை தெளிவானது. பின்னாளில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, சீன முறைக் கருவாட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. தாமதம் பற்றியும் இங்கேயே எழுதப்பட்டிருக்கிறது: மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்நோயை நெடுங்காலம் ஆராய்ந்த உமாபதி பிரசாத், புவா கின் சூவுடன் சேர்ந்து, இந்நோய் கண்டறியப்படுவதில் ஏற்படும் தாமதத்தையே பொருளாக்கி 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தாமதத்தின் விலை பெரிது. கதிர்வீச்சுக்கு நன்கு கட்டுப்படும் நோய் இது. முதல் நிலையில் பிடிபட்டால் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஐந்தாண்டைத் தாண்டி வாழ்கிறார்கள், கடைசி நிலையில் அந்த வாய்ப்பு வெகுவாகச் சரிகிறது. பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்குத் தொடக்கநிலை மூக்குப் புற்றுநோய் என்று 2018இல் அறிவிக்கப்பட்டபோது நாடே அதைப் பேசியது. அவர் சிகிச்சை முடித்துத் திரும்பிப் பயிற்சியையும் தொட்டுப் பார்த்தார்; 2019 ஜூனில் ஓய்வை அறிவித்தார். தொடக்கநிலை என்ற சொல்லின் மதிப்பை இதைவிட எளிதாக மலேசியர்களுக்கு யாரும் விளக்கியிருக்க முடியாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதை இலேசாகத் தள்ளிவிடக் கூடாது. இனத்தை வைத்து நோயைத் தேடுவது ஆபத்தான பழக்கம் அல்லவா? சீனருக்கு வரும் நோய் என்று மனத்தில் பதித்துக்கொண்ட டாக்டர், அதே காதடைப்போடு வரும் மலாய்க்காரரையோ தமிழரையோ ஸ்கோப் செய்யாமல் அனுப்பிவிடுவாரே? உண்மையிலேயே அப்படி நடக்க இடமிருக்கிறது. மலாய்க்காரர்களிடம் இந்நோயின் விகிதம் சீனர்களைவிடக் குறைவு, ஆனால் உலகச் சராசரியைவிட அதிகம். இந்தியர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இதற்கு என் பதில், அறிவு ஒரு திசையில் மட்டுமே பயன்பட வேண்டும் என்பது. ஒருவருடைய பின்னணி சந்தேகத்தைக் கூட்டலாம். சந்தேகத்தை ரத்து செய்ய அதற்கு உரிமை கிடையாது. பெரியவர் எவருக்கானாலும், ஒரு பக்கக் காதில் மட்டும் நீர் கோத்துச் சில வாரங்களில் வடியவில்லை என்றால் மூக்கின் பின்புறத்தைப் பார்த்தாக வேண்டும். அதில் இனத்துக்கு இடமில்லை. குடும்பத்தில் இந்நோய் இருந்த சீனருக்கோ பிடாயுவுக்கோ அந்தச் சில வாரங்களும் காத்திருக்கத் தேவையில்லை. பின்னணி அறிவு கதவை முன்கூட்டியே திறக்க உதவட்டும்; யார் முகத்திலும் அதை மூடப் பயன்பட வேண்டாம்.

தமிழர்களுக்கு உரிய கதை மூக்கில் இல்லை, வாயில் இருக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம் மற்ற இனத்தாரைவிடப் பன்மடங்கு அதிகம். அவர்களிலும் பெண்களிடம்தான் மிக உயர்ந்த விகிதம் பதிவாகியிருக்கிறது. உலகின் பெரும்பாலான நாடுகளில் இது ஆண்களின் நோய், புகைக்கும் குடிக்குமான நோய். இங்கே அது தலைகீழாக நிற்பதற்குக் காரணம் வெற்றிலைப் பை. இரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப்போன பெண்களுக்குப் பசியையும் அலுப்பையும் தாங்கத் துணையாக இருந்தது வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபோது, அந்தக் குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. பழக்கமும் கூடவே வந்தது. 1993-94இல் நாடு முழுவதும் 11,000க்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாயைச் சோதித்த தேசியக் கணக்கெடுப்பில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இந்தியர்களிடமே அதிகம் காணப்பட்டன. தாம்பூலத்தில் பழி எதன்மேல் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் தரும் என்பதை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1985லேயே ஏற்றது. 2003இல் கூடிய நிபுணர் குழு, புகையிலை இல்லாத தாம்பூலமும், தனிப் பாக்கும்கூடப் புற்றுநோய் தரும் என்று அறிவித்தது. "நான் போயிலை போடுறதில்ல, வெறும் வெத்தல பாக்குதான்" என்று சொல்லும் பாட்டிக்குப் பாதுகாப்பு இல்லை என்பது அதன் பொருள். கல்யாணத் தாம்பூலத்தில் வைக்கும் வெற்றிலைக்கும் இறைவனுக்குப் படைக்கும் வெற்றிலைக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. நாள்தோறும் கன்னத்தில் அடக்கி வைக்கும் பாக்கோடுதான் நமக்கு வழக்கு.

பாக்கு செய்யும் வேலை மெதுவானது. அதிலுள்ள அரிக்கோலின் என்ற பொருள், வாயின் உட்தோலுக்கு அடியிலுள்ள செல்களைத் தூண்டி நார்ப்பொருளைக் குவிக்கிறது. கன்னம் வெளிறிப்போய் இறுகுகிறது. காரம் பட்டால் எரிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வாய் திறக்கும் அளவு குறைகிறது. இந்த நார்த்திசு நோயை நவீன மருத்துவ ஏட்டில் முதலில் விவரித்த 1952ஆம் ஆண்டுக் குறிப்பு, கென்யாவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்களைப் பற்றியது. கப்பலேறிய பெண்களோடு இந்த நோயும் கண்டம் விட்டுக் கண்டம் போயிருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளத்தில் இத்தகைய நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியான ஆய்வு, அவர்களில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் உருவானதைக் காட்டியது. ஆகவே, வாயை மூன்று விரல் அகலம் திறக்க முடியாத ஒரு தமிழ்ப் பெண்மணி தொண்டை வலிக்காக வந்தால், தொண்டையைப் பார்த்து அனுப்புவது பாதி வேலைதான். கன்னத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், நாக்கின் ஓரத்தையும் ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையிலான பள்ளத்தையும் பார்க்க வேண்டும், கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தகவல் இடைவெளியையும் இங்கே குறிப்பிட வேண்டும். பதிவுத் தாளில் இருக்கும் கேள்வி பெரும்பாலும் "புகை பிடிப்பீர்களா, மது அருந்துவீர்களா" என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பெண்மணி இரண்டுக்கும் உண்மையாகவே இல்லை என்று சொல்வார். தாளில் அபாயம் ஏதுமற்றவர் என்று பதிவாகிவிடும். வாயில் புகையிலை இருக்கும்போதே தாளில் புகையிலை இருக்காது.

வாய் பல் மருத்துவரின் எல்லை, இ.என்.டி. மருத்துவர் அதில் ஏன் தலையிட வேண்டும் என்பது அடுத்த ஆட்சேபம். நிர்வாக ரீதியில் அது சரிதான். மலேசியாவில் வாய்ப் புற்றுநோயைத் தேடும் பணியைச் சுகாதார அமைச்சின் பல் மருத்துவப் பிரிவே தோட்டங்கள்வரை சென்று பல ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஓர் ஆய்வு மையம் இருக்கிறது. சுபாங் ஜெயாவிலுள்ள கேன்சர் ரிசர்ச் மலேசியா, கைப்பேசியில் வாயைப் படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் மெமோசா என்ற செயலியை உருவாக்க உழைத்திருக்கிறது. ஆனால் நோயாளி எல்லைகளைப் பார்த்து வருவதில்லை. விழுங்கும்போது வலி, காதுக்குள் குத்தல் என்று சொல்லி வருபவர் காது டாக்டரைத்தான் தேடுவார். நாக்கின் பின்புறத்திலோ தொண்டையிலோ உள்ள புண், நரம்பு வழியே காதில் வலியாகத் தோன்றும். காதைப் பார்த்தால் பளிச்சென்று சுத்தமாக இருக்கும். காது நன்றாக இருந்தும் காது வலிக்கிறது என்றால் வாயையும் தொண்டையையும் பார் என்பது இத்துறையின் பழம்பாடம். எல்லைத் தகராறில் அது மறந்துபோகலாகாது. தேடுவதால் பயன் உண்டா என்ற ஐயத்துக்குத் திருவனந்தபுரம் மாவட்டம் பதில் சொல்லியிருக்கிறது. அங்கே ஏறத்தாழ 1,90,000 பேரை உள்ளடக்கி நடந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று வெறும் கண்ணாலும் விளக்காலும் வாயைப் பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. மக்கள்தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டால், மரணம் குறைந்தது என்று உறுதிபடச் சொல்லக் கணக்கு இடந்தரவில்லை. புகையிலையோ மதுவோ பயன்படுத்தியவர்களை மட்டும் பார்த்தபோது வாய்ப் புற்றுநோய் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லோரையும் ஒரேமாதிரிப் பார்ப்பதைவிட, யாரைப் பார்க்க வேண்டும் என்று அறிந்து பார்ப்பதே உயிர் காக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஹாங்காங்கிலிருந்து வந்த சான்றும் இதே பக்கம்தான் நிற்கிறது. அங்கே 40 முதல் 62 வயது வரையுள்ள 20,174 ஆண்களின் இரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸின் மரபணுத் துணுக்கைத் தேடினார்கள். முதல் சோதனையில் 1,112 பேருக்கு அது தென்பட்டது. சில வாரங்கள் கழித்துச் செய்த மறுசோதனையில் 309 பேரிடம் நிலைத்திருந்தது. அவர்களை ஸ்கோப்பாலும் ஸ்கேனாலும் பார்த்ததில் 34 பேருக்குப் புற்றுநோய். 2017இல் வெளியான இந்த ஆய்வில் பிடிபட்டவர்களில் 71 விழுக்காட்டினர் முதலிரண்டு நிலைகளில் இருந்தார்கள். தானாக அறிகுறி வந்து மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் அந்த அளவு 20 விழுக்காடு மட்டுமே. இதே சோதனையை நார்வேயில் செய்தால் பணம்தான் வீணாகும். சோதனை ஒன்றே, செய்யப்படும் மக்கள் மாறினால் அதன் பொருளே மாறிவிடுகிறது. நாடு தழுவிய சோதனைக்கு இப்போதே இறங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மலேசியாவின் செலவுக் கணக்கும் மக்கள் கலப்பும் ஹாங்காங்கினுடையவை அல்ல. ஆனால் குடும்பத்தில் நோய் இருந்தவர்களிடமிருந்து தொடங்குவதை மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

மூன்றாவது உதாரணத்தில் நோய் காதில் இருக்கிறது, வேர் இரத்தத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் அது 31 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஏறக்குறைய மூவரில் ஒருவர். இந்த ஒரு எண் இ.என்.டி. கிளினிக்கின் பல புகார்களுக்குப் புதுப்பொருள் தருகிறது. எழுபது வயதுத் தாத்தா ஒருவருக்குக் காதில் வலி. இரவில் தூங்கவிடாத வலி. காதிலிருந்து கொஞ்சம் சீழ். இளைஞர் ஒருவருக்கு இதே புகார் என்றால் காதின் வெளிக்குழலில் சாதாரணத் தொற்று, ஒரு வாரச் சொட்டு மருந்தில் அடங்கிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத முதியவருக்கு, சூடோமோனாஸ் என்ற கிருமி குழலின் தோலைத் தாண்டி எலும்பைப் பிடித்து, மண்டையோட்டின் அடித்தளம் வழியே பரவக்கூடும். 1968இல் சாண்ட்லர் இந்த நோயை விவரித்தபோது, அது கொல்லும் வேகத்தைக் கண்டுதான் புற்றுநோயல்லாத ஒன்றுக்குப் புற்றுநோய்க்குரிய அடைமொழியைக் கொடுத்தார். அடையாளங்கள் எளியவை: பார்வைக்குத் தெரியும் புண்ணைவிட வலி பெரிதாக இருப்பது, குழலில் குருத்தெலும்பும் எலும்பும் சேருமிடத்தில் சிவந்த சதை முளைப்பது, பிறகு முகம் ஒரு பக்கம் கோணுவது. முகம் கோணும்வரை காத்திருந்தால் நோய் வெகுதூரம் போய்விட்டது என்று பொருள். மருந்து வாரக்கணக்கில் தொடர வேண்டும், சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வீட்டுப் பழக்கங்களும் இதில் சேர்கின்றன. காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதும் பஞ்சுக் குச்சியால் குடைவதும் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை; ஈரமும் சூடுமான இந்த ஊரில் காதுக்குள் பூஞ்சைக் காளானுக்கு அது நல்ல பாத்தி. அழுக்கெடுக்கத் தண்ணீர் பீய்ச்சிக் காது கழுவுவதும் சர்க்கரை நோயாளிக்கு ஆகாது என்பதைக் கிளினிக்கில் இருப்பவர்களே சில நேரம் மறந்துவிடுகிறார்கள். இதே சர்க்கரைதான் பல்வலியாகத் தொடங்கிய சீழ் கழுத்தின் ஆழத்தில் இறங்கி மூச்சுக்குழலை நெரிப்பதற்கும், மூக்கறையில் கரும்பூஞ்சை பிடிப்பதற்கும் காரணமாகிறது. 2021இல் இந்தியாவில் கோவிட் அலையோடு வந்த கரும்பூஞ்சை எத்தனை கண்களைப் பறித்தது என்பது இங்குள்ள குடும்பங்களுக்கும் உறவினர் வழியே தெரிந்த செய்திதான்.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவற்றில் இந்த ஊருக்கென்று தனித்தன்மை குறைவு. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அழுக்கடைப்பா நரம்பின் பாதிப்பா என்று ஒரு நிமிடத்தில் சொல்ல, 512 அதிர்வுள்ள இசைக்கவை போதும். நெற்றியில் வைக்கும்போது ஒலி நல்ல காதுப்பக்கம் சாய்ந்தால் அது நரம்பு, அன்றே ஸ்டீராய்டு மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு வாரம் கடந்தால் பயன் தேய்ந்துவிடும். படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் தலை சுற்றுபவருக்கு மூளை ஸ்கேனும் மாதக்கணக்கில் மாத்திரையும் தேவையில்லை. 1952இல் டிக்ஸும் ஹால்பைக்கும் சொன்ன சோதனையையும், 1992இல் எப்லி விவரித்த தலைத் திருப்பு முறையையும் படுக்கையருகிலேயே செய்துவிடலாம். குழந்தை விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழலைச் சுடத் தொடங்கும். நாணயம் என்று எண்ணிக் காத்திருக்க அங்கே நேரமில்லை. இரைச்சல் மட்டும் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஷா ஆலம், கிள்ளான் துறைமுகத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் செவிப்படத்தில் 4,000 அதிர்வெண்ணில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால், அது வயோதிகத்தின் செவிடு ஆகாது. மலேசியாவில் அன்றாட இரைச்சலின் வரம்பு 90 டெசிபலாக இருந்தது. 2019 ஜூன் முதல் நடப்புக்கு வந்த புதிய விதிகள் அதை 85ஆகக் குறைத்தன. பழைய வரம்பில் இருபதாண்டு உழைத்தவர்கள் இப்போது ஓய்வுபெற்றுக் கிளினிக்குக்கு வருகிறார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் அது வெளிப்படும்.

இனி, நடைமுறை தெரிந்தவர்கள் வைக்கும் வலுவான ஆட்சேபம்: காதடைத்தவர்களையெல்லாம் அனுப்பத் தொடங்கினால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையும் கோலாலம்பூர் மருத்துவமனையும் தாங்குமா? ஏற்கெனவே தவணை கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது, ஆனால் அது என் வாதத்துக்கே வலு சேர்க்கிறது. எல்லோரையும் அனுப்பினால் மருத்துவமனை நிரம்பும், உண்மை. பெரியவர், ஒரு பக்கம் மட்டும், சில வாரமாகியும் விடவில்லை என்ற மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துச் சலித்தால் கூட்டம் வெகுவாகக் குறையும். அவர்களுக்குத் தேவைப்படும் ஸ்கோப் சில நிமிட வேலை. மயக்க மருந்து வேண்டாம், அறுவை அறை வேண்டாம். அதோடு ஒப்பிட, முற்றிய நிலையில் வருபவருக்குக் கதிர்வீச்சும் கீமோவும் ஏழு வாரங்கள். அதன்பின் வாய் வறட்சி, பல் இழப்பு, செவித்திறன் இழப்பு என்று ஆயுள் முழுவதும் மருத்துவமனை வாசம். வரிசையை நீளமாக்குவது தேடல் என்பதைவிடத் தாமதமே என்று நான் நினைக்கிறேன்.

இன்னோர் ஆட்சேபம் துறைக்குள்ளிருந்தே வரும். நிபுணரின் பெருமை இப்படிப்பட்ட எளிய கேள்விகளிலா இருக்கிறது? மூக்கு வழியே மண்டையோட்டின் அடித்தளத்தில் செய்யும் அறுவை, 1990களின் நடுவில் தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செவிச்சுருள் பொருத்து சிகிச்சை, குரல்வளையை அகற்றாமல் காக்கும் லேசர், இவையல்லவா ஒருவரை நிபுணராக்குகின்றன? இவற்றின் அருமையை மறுப்பவர் யாரும் இருக்க முடியாது. பிறவியிலேயே கேளாத குழந்தை பொருத்திய கருவியால் பேசக் கற்றுக்கொள்வது மருத்துவத்தின் பெரும் சாதனைகளில் ஒன்று. ஆனால் அந்தச் சிகிச்சைகூட, குழந்தை கேட்கவில்லை என்பதை யாரோ ஒருவர் உரிய காலத்தில் கண்டுபிடித்தால்தான் பலன் தரும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் உதவி என்பது உலகம் ஏற்ற கால அட்டவணை. மூன்று வயதில், "இவன் லேட்டா பேசுவான், அவங்க மாமா மாதிரி" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு டாக்டரும் தலையசைத்து அனுப்பிவிட்டால், எத்தனை அருமையான அறுவைத் திறனும் இழந்த ஆண்டுகளைத் திருப்பித் தராது. உச்சியிலுள்ள திறமைக்கு வேலை கொடுப்பது வாசலிலுள்ள அறிவுதான்.

அந்த வாசல் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸின் தனியார் கிளினிக்கிலும், கிள்ளானின் அரசாங்க சுகாதார கிளினிக்கிலும், தொழிற்சாலையின் மருத்துவ அறையிலும் இருக்கிறது. இ.என்.டி. நிபுணரின் அடிப்படை அறிவு அவருடைய தலைக்குள் மட்டும் பத்திரமாக இருந்தால் அது பாதி பயன்தான். அவரிடம் நோயாளியை அனுப்பும் பொது மருத்துவருக்கும் தாதிக்கும் அதன் சாரம் போய்ச் சேர வேண்டும். அதைக் கற்றுத்தருவதும் நிபுணரின் கடமை என்று பயிற்சித் திட்டத்திலேயே எழுதி வைக்கலாம். மக்கள் மாறும்போது அந்தச் சாரமும் மாற வேண்டும். தோட்டத்துப் பாட்டிகளின் தலைமுறை மறைந்து வருகிறது, பேத்திகள் வெற்றிலை போடுவதில்லை. ஆனால் வங்காளதேசம், நேப்பாளம், மியன்மாரிலிருந்து வந்து இதே பள்ளத்தாக்கின் கட்டுமானங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் இளைஞர்கள் பலருடைய கன்னத்தில் பாக்கும் புகையிலையும் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். ஆகவே வலி பொறுக்க முடியாமல் போகும்போதுதான் வருகிறார்கள். இன்னும் இருபதாண்டில் வாய்ப் புற்றுநோயின் முகம் இங்கே எப்படி மாறும் என்பதை அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்தால் முன்கூட்டி அறியலாம். பரிந்துரைக் கடிதத்தில் ஐந்து வரிகள் போதும்: ஒரு பக்கமா இரு பக்கமா, எத்தனை வாரமாக, வாயில் பாக்கோ புகையிலையோ அடக்கும் வழக்கம் உண்டா, சர்க்கரை அளவு என்ன, என்ன வேலை பார்த்தார். இவற்றை மலாயிலும் தமிழிலும் மாண்டரினிலும் வங்காளத்திலும் அச்சிட்ட ஒரு தாளை, பதிவு முகப்பில் அடையாள அட்டையை வாங்கும்போதே நோயாளியின் கையில் கொடுத்துவிடலாம். எழுத முடியாதவரிடம் தாதி வாய்மொழியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.